'ஆட்டம் லீவ்ஸ்': பக்கத்துல இ மைனர், ரெக்கார்டிங்ல ஒட்டவே மாட்டேங்குது

கேட்டவர்:
மூணு வாரமா 'ஆட்டம் லீவ்ஸ்' (Autumn Leaves) ஜாஸ் பாட்டை கிட்டார்ல பழகுறேன். கையில இருக்கிறது ரியல் புக் (ஜாஸ் பாட்டுகளோட நோட்டேஷன் புத்தகம்) பக்கம், சுருதி இ மைனர். சாக்ஸ் கலைஞர் கேனன்பால் ஆடர்லியோட 1958 'சம்திங் எல்ஸ்' ஆல்பத்தோட சேர்ந்து வாசிச்சா ஒரு இடம்கூட ஒட்டல. டியூனிங் சரியாத்தான் இருக்கு. ஆல்ட்டோ சாக்ஸ் வாசிக்கிற நண்பன் அதே பக்கத்தைப் பார்த்து ஊதினா மட்டும் அச்சாப் பொருந்துது. எப்படி? பாட்டு எங்க ஆரம்பிக்குதுன்னும் பிடிபடல.

பதில் 1:
தம்பி, அந்த ரெக்கார்டிங் ஜி மைனர். ஆல்ட்டோ சாக்ஸ் இ ஃபிளாட் வாத்தியம். அவர் இ-ன்னு பார்த்து ஊதுறது காதுக்கு ஜி-யா வரும். நீங்க கிட்டார் கழுத்துல மூணாவது ஃப்ரெட்ல (கட்டையில) கேப்போ, அதாவது எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கிற கிளிப், போட்டு, அதே பக்கத்தை அப்படியே வாசிங்க.

முதல்ல திரும்பத் திரும்ப வர்ற துண்டு அவங்க சேர்த்த முன்னிசை, பக்கத்துல தேடாதீங்க. அது முடிஞ்சு மைல்ஸ் டேவிஸ் மியூட் (ஒலியை அடக்குற மூடி) போட்ட ட்ரம்பெட்ல மெட்டை எடுப்பார். பக்கத்துல இருக்கிறபடி இ, எஃப் ஷார்ப், ஜி மூணும் முன்னாடியே வந்துடும். சி விழுற இடம்தான் முதல் பார் (தாளக் கட்டம்).

பதில் 2:
அண்ணன் சொன்னதோட ஒண்ணு. மெட்டு வந்து உட்கார்ற ஸ்வரங்களை மட்டும் பாடிப் பாருங்க: சி, பி, ஏ, ஜி. ஒவ்வொண்ணும் அடியில இருக்கிற கார்டோட (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டத்தோட) மூணாவது ஸ்வரம். ஏ மைனர் செவனுக்கு சி, ஜி மேஜர் செவனுக்கு பி, இப்படியே இறங்கும். எனக்கு இந்தப் பாட்டு திறந்ததே இங்கதான். இந்த நாலும் வாயில நிக்காம சோலோவுக்குப் போகாதீங்க.

பியானோ கலைஞர் பில் எவன்ஸ் 1959-ல இதே பாட்டை ரெக்கார்ட் செஞ்சது அற்புதம், ஆனா பிறகு கேளுங்க. அதுல ஸ்காட் லஃபாரோவோட பாஸ் தாளத்தைப் பிடிச்சுத் தராது, பியானோவோட பேசும். 32 பார் எங்க போச்சுன்னு தொலைஞ்சுடுவீங்க. அதுக்கு முன்னாடி ஜோசஃப் கோஸ்மா இசையமைச்ச மூல பிரெஞ்சுப் பாட்டை ஈவ் மோந்தான் பாடக் கேளுங்க. மூச்சு எங்க விடணும்னு தெரியும்.

கேட்டவர்:
கேப்போ போட்டதும் பொருந்திடுச்சு அண்ணா, ரொம்ப நன்றி! 27, 28-வது பார்லதான் கை தடுமாறுது. ஒரு பாருக்கு ரெண்டு கார்டு: இ மைனர் செவன், இ ஃபிளாட் செவன், டி மைனர் செவன், டி ஃபிளாட் செவன்.

பதில் 1:
முழுக் கார்டையும் பிடிக்காதீங்க. அடி ஸ்வரம் மட்டும் போதும். அடுத்த பார்ல வர்ற சி வரைக்கும் அஞ்சாவது கம்பியில, கேப்போல இருந்து எண்ணினா, 7, 6, 5, 4, 3. அதை மெதுவா, பாடிக்கிட்டே வாசிங்க. கார்டு பிறகு தானா வந்து உட்காரும்.