தொலைத்தொடர்பு வலையமைப்பின் திறந்த ஏபிஐகள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

பார்லே காலத்து நிரலாளர்:

தொலைத்தொடர்பு வலையமைப்பின் வசதிகளை வெளி நிரல்கள் கேட்டுப் பெறும் வழிகளே இந்த ஏபிஐகள். அவற்றைப் பொதுவாக்கும் கமாரா, ஓப்பன் கேட்வே என்ற இன்றைய முயற்சிகளைப் பற்றிப் பேசுபவர்களில் பலருக்கு, அவற்றுக்கு முன்னோடியான பார்லேயைத் தெரியாமல் இருக்கலாம். அது 1998இல் சில தொலைத்தொடர்பு, மென்பொருள் நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய குழு. அதுவரை தொலைபேசி வலையமைப்பில் ஒரு புதிய சேவையைக் கொண்டுவர தொலைபேசி நிலையங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் எஸ்எஸ்7 சமிக்ஞை முறையைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டும். அது தெரிந்தவர்கள் பெரும்பாலும் தொலைபேசி ஸ்விட்ச் தயாரிக்கும் நிறுவனங்களுக்குள்ளேயே இருந்தார்கள். "ஓர் அழைப்பை உருவாக்கு", "இந்த எண்ணோடு இணை", "இந்தக் கைபேசி எங்கே இருக்கிறது" என்று சாதாரண நிரலாளரும் கேட்கும்படி செய்யலாம் என்றது பார்லே. மொபைல் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு அதையே ஓஎஸ்ஏ என்ற பெயரில் மூன்றாம் தலைமுறை வலையமைப்புக்கு எடுத்துக்கொண்டது. அந்த ஆவணங்களை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு உண்டான பரவசம் இன்னும் குறையவில்லை.

நாங்கள் செய்தது எளிய வேலைதான். வாடிக்கையாளர் இணையப் பக்கத்தில் பொத்தானை அழுத்தினால், அவருக்கும் எங்கள் பிரதிநிதிக்கும் இடையே அழைப்பு இணைய வேண்டும். ஆனால் அந்த அழைப்பைத் தொடுவதற்கு முன்பு கடக்க வேண்டிய படிகள் பல. முதலில் இரு தரப்பும் ஒன்றையொன்று அடையாளம் காண வேண்டும். பிறகு அணுகல் கேட்க வேண்டும், சேவையைத் தேட வேண்டும், தேர்ந்தெடுக்க வேண்டும், சேவை ஒப்பந்தத்தில் மின்னணுக் கையொப்பமிட வேண்டும். அதற்கெல்லாம் பிறகுதான் அழைப்பைக் கட்டுப்படுத்தும் பொருள் (நிரலின் ஆப்ஜெக்ட்) கைக்கு வரும். இவை எல்லாம், வெவ்வேறு கணினிகளில் உள்ள நிரல்கள் ஒன்றையொன்று கூப்பிட உதவும் கோர்பா வழியாக நடந்தன. அழைப்பின் விளைவைச் சொல்ல, தொலைபேசி நிறுவனத்தின் நுழைவாயில் நம் பக்கத்துப் பொருளைத் திரும்பக் கூப்பிடும். அது எங்கள் ஃபயர்வாலில் முட்டி நின்றுவிடும். அழைப்பு இணைந்து இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள், எங்கள் நிரலோ இன்னும் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

அதையும் சரிசெய்தோம். பெரிய அடி அதன் பிறகு வந்தது. அதே நிரலை இன்னொரு தொலைபேசி நிறுவனத்தின் நுழைவாயிலில் இணைத்தோம். இரண்டும் ஒரே தரநிலை, ஒரே பதிப்பு எண். மறுமுனையில் யாரும் எடுக்கவில்லை என்றால் முதல் நுழைவாயில் அதை அறிவித்தது. இரண்டாவது மௌனமாக இருந்தது. கேட்டால், அந்த நிகழ்வு தரநிலையில் கட்டாயமில்லை என்றார்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு கிளையாக எங்கள் நிரல் பிரிந்துகொண்டே போனது. பிறகு வந்த பார்லே எக்ஸ் இந்தக் கோர்பா சடங்குகளையெல்லாம் நீக்கி, அழைப்பை இணைப்பதை ஒரே வலைச் சேவைக் கோரிக்கையாக்கியது. உண்மையிலேயே அழகான வேலை அது. ஆனால் நிறுவனத்துக்கு நிறுவனம் நடத்தை மாறும் நோய் மட்டும் தீரவில்லை. பார்லே தோற்றதற்கு எல்லோரும் கோர்பாவைக் குறை சொல்வார்கள். நான் அதை ஏற்கமாட்டேன்.

கைபேசிச் செயலி எழுதுபவர்:

ஐயா, நீங்கள் சொன்ன நோய் இன்றும் இருக்கிறது. ஆனால் இம்முறை அதற்கு மருந்து தேடுகிறார்கள் என்பது என் எண்ணம். கமாரா 2022இல் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் தொடங்கியது. மறு ஆண்டு பிப்ரவரியில் பார்சிலோனாவில், மொபைல் நிறுவனங்களின் சங்கமான ஜிஎஸ்எம்ஏ ஓப்பன் கேட்வேயை அறிவித்தபோது 21 மொபைல் நிறுவனங்கள் சேர்ந்திருந்தன. ஏபிஐ வரையறைகள் எல்லாம் பொதுவெளியில் இருக்கின்றன. ஒரு சொல் தெளிவில்லை என்றால் நாமே போய்க் கேள்வி எழுப்பலாம்.

நான் பயன்படுத்தியது எண் சரிபார்ப்பு. ஓடிபி அனுப்பி, அதைப் பயனர் பார்த்துத் தட்டச்சு செய்யும் வேலையே இதில் இல்லை. கைபேசியின் மொபைல் டேட்டா இணைப்பு யாருடையது என்று மொபைல் நிறுவனத்துக்குத் தெரியும். பயனர் கொடுத்த எண் அதுதானா என்று கேட்டால், ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும். ஏமாற்றிப் பிடுங்குவதற்கு ஓடிபியே இல்லை என்பதுதான் இதன் பெரிய பலம்.

சோதனையில் எல்லாம் சீராக ஓடியது. வெளியிட்டதும் தோல்விகள் குவிந்தன. காரணம் வைஃபை. பயனர் வைஃபையில் இருந்தால் கோரிக்கை மொபைல் வலையமைப்பு வழியாகப் போவதே இல்லை. பிறகு நிறுவனம் எப்படி எண்ணை அறியும்? ஆண்ட்ராய்டில் அந்த ஒரு கோரிக்கையை மட்டும் மொபைல் டேட்டா வழியாக அனுப்பும்படி கேட்க வழி இருக்கிறது. அதைச் சேர்த்ததும் நிலைமை பெருமளவு மாறியது. விபிஎன் போட்டவர்களும் டேட்டாவை அணைத்து வைத்தவர்களும் மிஞ்சினார்கள். அவர்களுக்குப் பழைய ஓடிபியே துணை.

எண் மோசடியாக வேறு சிம்முக்குப் போயிருக்கிறதா என்று பார்க்க, சிம் மாற்றம் பற்றிய ஏபிஐயும் எடுத்தோம். கடந்த இத்தனை மணி நேரத்தில் இந்த எண்ணின் சிம் மாறியதா என்று கேட்பதுதான் அது. ஒரு நிறுவனம் புதிய இணைப்பு தொடங்கியதையும் மாற்றமாகவே கணக்கிட்டது, மற்றொன்று கணக்கிடவில்லை. புதிதாக எண் வாங்கிய நேர்மையான பயனரை எங்கள் பாதுகாப்பு விதி தடுத்து நிறுத்திவிட்டது. நீங்கள் சொன்ன "கட்டாயமில்லை" இங்கேயும் வந்து நின்றது, ஐயா.

கோர் நெட்வொர்க் பக்கம் பணியாற்றுபவர்:

எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்கிறேன். 5ஜி வலையமைப்பின் மையப் பகுதியான கோரில் என்இஎஃப் என்ற செயற்பாடு இருக்கிறது. வெளி உலகுக்கு எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்பதைப் பார்த்துக்கொள்வது அதுதான். செயலி கேட்கும்போது இணைப்புக்கு முன்னுரிமை தரும், கமாராவின் "தேவைக்கேற்ற தரம்" என்ற ஏபிஐயில் ஒரு கோரிக்கை வந்தால், பொதுவாக என்இஎஃப் வழியாகத்தான், யாருக்கு எந்தத் தரம் என்று முடிவெடுக்கும் கொள்கைக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குப் போகும்.

நிரலாளர்கள் அதிகம் தடுக்கி விழுவது முகவரியில். கைபேசியின் ஐபி முகவரி என்று ஒன்றை மட்டும் அனுப்புவார்கள். ஐபிவி4இல் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஏராளமான சந்தாதாரர்கள் இருப்பார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும் சேர்ந்து வராவிட்டால், யாருடைய வீடியோவுக்கு முன்னுரிமை கொடுப்பது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று: இப்படி முன்னுரிமை கேட்ட அமர்வு "கிடைக்கும்" என்ற நிலைக்கு வந்துவிட்டதாலேயே கேட்ட கால அளவு முழுவதும் அது நீடிக்கும் என்று நம்பிவிட வேண்டாம். வலையமைப்பே அதை இடையில் முடிக்கலாம். அந்த அறிவிப்பைப் பெற்று, வீடியோவின் தரத்தைத் தானே இறக்கிக்கொள்ளும் செயலியை நான் பார்த்திருக்கிறேன். பயனர் எதையும் உணரவே இல்லை. எங்கள் குழுவில் எல்லோரும் அந்தச் செயலியை எழுதியவர்களைப் பாராட்டினோம்.

பார்லே காலத்து நிரலாளர்:

வலையமைப்புப் பக்கத்திலிருந்து ஒருவர் நேரடியாகப் பேசுவதே எங்கள் காலத்தில் நடக்காத காரியம், நண்பரே. மிக்க மகிழ்ச்சி. செயலி எழுதும் தம்பி, அந்தச் சிம் விவகாரத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள். இரண்டு நிறுவனங்களும் கொடுத்த பதில்களை, எண்களை நீக்கிவிட்டு, கமாராவின் சிம் மாற்றக் குழுவிடம் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். "கட்டாயமில்லை" என்பதைக் "கட்டாயம்" ஆக்கச் சொல்லிக் கேட்க எங்களுக்கு இடமில்லை, உங்களுக்கு இருக்கிறது. அடுத்து எழுதுபவர்கள் எந்த ஏபிஐ, எந்தப் பதிப்பு, என்ன பிழைக் குறியீடு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.