டிரெய்லர்ல டிராக்கர் சரி, டிரைவர் போன்ல எதுக்கு? எண்ணூர் – மணலி ரூட்காரங்க பேசுங்க

கன்டெய்னர்_ரூட்:
மணலி பக்கம் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்ல டிரைவருங்ககிட்ட கையெழுத்து கேக்குற தாள் ஒண்ணு வாட்ஸ்அப்ல சுத்துது. ஆபீஸ் பேரு வேணாம், விஷயத்தை மட்டும் பேசுவோம். நாலு ஷரத்து. வண்டியில ஜிபிஎஸ் டிராக்கர். டிரைவரோட சொந்த நம்பரை சிம் டிராக்கிங்ல சேர்க்க சம்மதம். கேபின் உள்ள டிரைவர் முகத்தைப் பார்த்த மாதிரி கேமரா. ஸ்பீடு அலர்ட் ஒண்ணுக்கு பேட்டாவுல 300 ரூபா பிடித்தம். முதல் ஷரத்துல சண்டையே இல்ல. வண்டி அவருது, எங்க நிக்குதுன்னு அவர் பார்க்கட்டும். மீதி மூணும் வண்டிக்கு இல்ல, ஆளுக்கு. "மனமுவந்து சம்மதிக்கிறேன்"னு எழுதியிருக்கு, ஆனா கையெழுத்து போடலைன்னா சாவி கிடையாது. இது எப்படி சம்மதம் ஆகும்?

யார்டு_ஓனர்:
தம்பி, நானும் இதே மாதிரி தாள்தான் வெச்சிருக்கேன். 40 அடி பெட்டிக்குள்ள இருக்குற சரக்கோட மதிப்பு வண்டியைவிடப் பல மடங்கு. பெட்டிக் கதவுல போட்ட சீல் உடைஞ்சா முதல் கேள்வி ஓனர்கிட்டதான் வரும். வேகத்துக்கும் அப்படித்தான். மோட்டார் வாகனச் சட்டம் 183-வது பிரிவு ஓட்டுறவரை மட்டும் பிடிக்கலை, ஓட்ட வைக்கிற முதலாளியையும் சேர்த்துத்தான் சொல்லுது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் கனரக வண்டிக்கு 2000-லேர்ந்து 4000 வரைக்கும். ஸ்பீடு கவர்னர் இருக்கேன்னு கேப்பீங்க. அது 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போக விடாமப் பூட்டியிருக்கு. சென்னைக்குள்ள நமக்கு 50. நடுவுல இருக்குற 30-ஐ கவர்னர் தடுக்காது. எண்ணூர் விரைவுச் சாலைல காலைல சைக்கிள்ல போற பசங்களுக்கு ஆபத்து அந்த 30-லதான் இருக்கு. அதை டிராக்கர் இல்லாம எப்படிப் பார்க்குறது?

வயரிங்_மேசை:
பார்க்கலாம், ஆனா காசு பிடிக்கிற அளவுக்கு அந்த அலர்ட்டை நம்பலாமான்னு கேளுங்க. திறந்த வானத்துல ஜிபிஎஸ் வேகம் நல்லாவே துல்லியம், ஸ்பீடோமீட்டரைவிட நல்லா இருக்கும். கெடுறது வேற இடத்துல.

முதல்ல, ரோடு எதுன்னு தப்பாப் பிடிக்கிறது. மூலக்கடை மேம்பாலத்து மேல போற வண்டியை சர்வர் கீழ் ரோட்டுல ஒட்டிடும், உயரத்தை அது பார்க்கிறதில்ல. கீழ் ரோட்டுக்கு மேப்ல 30-ன்னு இருந்தா, 45-ல ஒழுங்காப் போற டிரைவருக்கு அலர்ட் விழும்.

அடுத்தது எதிரொலி. யார்டுல பெட்டி நாலு அடுக்கு நிக்கிற சந்துல சிக்னல் இரும்புல பட்டுத் திரும்பி வரும். நிக்கிற வண்டி 30 மீட்டர் நகர்ந்த மாதிரி காட்டும். சில சமயம் ஒரே ஒரு புள்ளி தூரத்துல குதிக்கும். பொசிஷனை வெச்சு வேகம் கணக்கு போடுற மலிவு சாஃப்ட்வேர்ல அந்த ஒரு குதி 90 கிலோமீட்டர்னு பதிவாகும். அதனால ஒரு புள்ளியை வெச்சு முடிவு பண்ணவே கூடாது. தொடர்ந்து மூணு புள்ளி வரம்பைத் தாண்டணும், அந்த மூணுலயும் ஃபிக்ஸ் (சாட்டிலைட்டை வெச்சு இடம் உறுதியானது) இருக்கணும், சாட்டிலைட் எண்ணிக்கை ஆறுக்குக் கீழே இருந்தா கழிச்சிடணும். 50-ல போற வண்டி 10 செகண்டுல 139 மீட்டர் போகும். 30 செகண்டுக்கு ஒரு தடவை அனுப்புற மாதிரி செட் பண்ணியிருந்தா 400 மீட்டருக்கு மேல இருட்டு. அந்த இடைவெளியில என்ன நடந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

நேரத்துலயும் கோளாறு வரும். டவர் கிடைக்காதப்போ டிவைஸ் புள்ளிகளை உள்ள சேர்த்து வெச்சு அப்புறம் மொத்தமாத் தள்ளும். வண்டி டிராக்கருக்கான அரசுத் தரம் ஏஐஎஸ்-140. அதுப்படி டிவைஸ் 40,000 புள்ளி வரைக்கும் சேர்க்கணும், ஒவ்வொரு பாக்கெட்லயும் இது நேரலையா பழசான்னு குறியும் போடணும். சர்வர் அந்தக் குறியைப் பார்க்காம, வந்து சேர்ந்த நேரத்தையே எழுதினா கதை மாறிடும். சாட்டிலைட் நேரத்தை நம்ம நேரத்துக்கு மாத்தாம விடுறதும் உண்டு. 5 மணி 30 நிமிஷம் பின்னால போயிடும். காலை 6 மணிக்கு யார்டை விட்ட வண்டி நள்ளிரவு 12.30-க்குக் கிளம்பினதா ரிப்போர்ட் வரும். டிரைவர் ராத்திரி திருட்டுத்தனமா வண்டி எடுத்தார்னு ஆயிடும்.

டேங்கர்_60:
வயரிங் அண்ணே, டேங்கர்ல இருக்குற இன்னொண்ணையும் சேர்த்துக்கங்க. லோடு எடுக்கும்போதும் இறக்கும்போதும் இன்ஜினையும் பேட்டரி மாஸ்டர் சுவிட்சையும் ஆஃப் பண்ணணும், அது பாதுகாப்பு விதி. சுவிட்சுக்கு அப்புறம் டிராக்கருக்கு லைன் எடுத்திருந்தா, ஒவ்வொரு தடவையும் "மெயின் பவர் கட்" அலர்ட் போகும். ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவருக்கு அது டிரைவர் ஒயரைப் பிடுங்கின மாதிரி தெரியும். விதியைக் கடைப்பிடிச்சவனுக்குத்தான் கெட்ட பேரு. உள்பேட்டரி நாலு மணி நேரம் தாங்கணும்னு தரத்துல இருக்கு, ஆனா கேபின் வெயில்ல ஒரு வருஷம் வெந்த பேட்டரி அரை மணி கூட நிக்காது. அப்புறம் "டிவைஸ் ஆஃப்லைன்"னு போனு மேல போனு.

அதுக்காக டிராக்கரே வேணாம்னு சொல்லலை. பெட்ரோல் ஏத்திட்டுப் போற வண்டி எங்க இருக்குன்னு யாருக்காவது தெரிஞ்சே ஆகணும். எங்களுக்கு கவர்னரே 60-தான்.

யார்டு_ஓனர்:
டிவைஸ் தப்பு பண்ணும்னு ஒத்துக்கிறேன். அதனாலதான் சிம் டிராக்கிங்கும் கேக்குறது, ஒண்ணு விட்டா இன்னொண்ணு.

வயரிங்_மேசை:
சிம் டிராக்கிங் டவரை வெச்சு வர்றது. நகரத்துக்குள்ளயே சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டும், ஊருக்கு வெளிய காட்டுப்பள்ளி துறைமுகம் பக்கம் கிலோமீட்டர் கணக்குல போகும். வேகத்துக்கு சுத்தமா உதவாது, சீல் எந்த இடத்துல உடைஞ்சதுன்னும் சொல்லாது. அது நல்லாச் சொல்றது ஒண்ணே ஒண்ணு, டிரைவர் எந்த ஏரியாவுல இருக்கார்ங்கிறது. வண்டியை யார்டுல விட்டு வீட்டுக்குப் போன பிறகும் சொல்லும்.

கன்டெய்னர்_ரூட்:
இதைத்தான் கேக்குறேன். லீவு நாள்ல ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குப் போறாரா, சங்க ஆபீசுக்குப் போறாரா, வேற யார்டுல வேலை கேக்கப் போறாரா, இதெல்லாம் ஓனர் திரையில ஏன் தெரியணும்?

தண்டையார்பேட்டை_வக்கீல்:
சட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்கிறேன். 2017 ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், ஜாமீனில் வருபவர் தன் கூகுள் மேப் இருப்பிடத்தை விசாரணை அதிகாரிக்குப் பகிர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்றது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே இப்படி என்றால், லாரி ஓட்டுபவருக்கு எப்படி இருக்க வேண்டும்?

யார்டு_ஓனர்:
வக்கீல் சார், அதெல்லாம் அரசாங்கத்துக்கு. ஓனர் அரசாங்கம் இல்லையே. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் 7-வது பிரிவுல வேலை சம்பந்தமாவும், முதலாளிக்கு நஷ்டம் வராமப் பாதுகாக்கவும் சம்மதம் இல்லாமலே தரவு எடுக்கலாம்னு இருக்கே?

தண்டையார்பேட்டை_வக்கீல்:
இருக்கிறது, சரியாகப் படித்திருக்கிறீர்கள். அதில்தான் உங்கள் தாள் சிக்குகிறது. 7-ஆம் பிரிவில் நின்றால் கையெழுத்தே தேவையில்லை. ஆனால் அது வேலைக்கான நோக்கத்தோடு முடிந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பவரின் சிம் அதற்குள் வராது. கையெழுத்து வாங்கினால் நீங்கள் 6-ஆம் பிரிவுக்குள் வந்துவிடுகிறீர்கள். அங்கே சம்மதம் சுதந்திரமாகவும் நிபந்தனையற்றும் இருக்க வேண்டும், கொடுத்தது போலவே எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும், கேட்டால் தரவின் விவரத்தைக் காட்டவும் வேண்டும். "போடாவிட்டால் சாவி இல்லை" என்பது அங்கே நிற்காது. இந்தச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம் உண்டு. தாளை இப்போதே திருத்திவிடுவது உங்களுக்குத்தான் நல்லது.

பிடித்தத்துக்கு வருகிறேன். அரசாங்கம் கேமராவை வைத்து செலான் போடுவதற்கே, 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ-படி அந்தக் கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பித்த சான்றிதழ் வேண்டும். உங்கள் டிராக்கருக்கு அப்படி ஒரு பரிசோதனையும் இல்லை. அபராதம் என்றால் 1936 ஊதியச் சட்டத்திலும், அதற்குப் பதிலாக வந்த 2019 ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் வரம்பு உண்டு: எந்தத் தவறுக்கு என்று முன்பே அறிவித்திருக்க வேண்டும், விளக்கம் சொல்ல வாய்ப்பு தர வேண்டும், மொத்தம் அந்தக் காலத்துச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

யார்டு_ஓனர்:
பேட்டா சம்பளம் இல்ல சார், வழிச்செலவு.

தண்டையார்பேட்டை_வக்கீல்:
வழிச்செலவு என்றால் செலவானதைக் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? வேகத்துக்கும் சாப்பாட்டுச் செலவுக்கும் என்ன தொடர்பு?

டேங்கர்_60:
ஓனர் அண்ணே, அந்த டேட்டாவை எங்க பக்கமும் பேச விடுங்க. எட்டு மணி நேர வேலை, அஞ்சு மணி நேரத்துக்கு ஒரு தடவை அரை மணி ஓய்வுன்னு 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்துலேர்ந்தே இருக்கு. கேட் வரிசையில எத்தனை மணி நேரம் நின்னாங்கங்கிறது டிராக்கர்ல அப்படியே இருக்கு. ஸ்பீடுக்குப் பிடிக்கிறப்போ அந்த ரிப்போர்ட் வெளிய வருது. ஹால்டிங் (காத்திருந்த நேரத்துக்கான காசு) கேக்குறப்போ வரலை.

வயரிங்_மேசை:
டிரிப் முடிஞ்சதும் டிரைவருக்கு ஒரு காப்பி தானாப் போற மாதிரி வைக்க முடியும், பெரும்பாலான சாஃப்ட்வேர்ல அந்த வசதி இருக்கு. சுருக்கத் தாள் வேணாம். ஒவ்வொரு புள்ளிக்கும் நேரம், அட்சம், தீர்க்கம், வேகம், சாட்டிலைட் எண்ணிக்கை, இக்னிஷன் நிலை, இத்தனையும் இருக்கணும். அப்பதான் தகராறு வந்தா உக்காந்து பார்க்க முடியும். இக்னிஷன் ஒயரை சாவி லைன்ல சேருங்க. நேர் பேட்டரியில சேர்த்தா வண்டி எப்பவும் ஓடுற மாதிரியே காட்டும், ஓய்வு நேரமே பதிவாகாது.

யார்டு_ஓனர்:
சரி. புள்ளிக் கணக்கு காப்பி தரலாம். பிடித்தத்தை எடுத்துடலாம், அதுக்குப் பதிலா மூணு உறுதியான அலர்ட்டுக்கு மேல போனா கூப்பிட்டுப் பேசுறதுன்னு வெச்சுக்கலாம். சிம்மும் வேணாம், டிராக்கர் ஒயரிங்கை ஒழுங்குபடுத்திக்கலாம். ஆனா உள்கேமரா இருக்கும். கண்ணு செருகுறதை அது ஒண்ணுதான் பிடிக்கும்.

கன்டெய்னர்_ரூட்:
அந்த கேபின்லதான்ணே டிரைவர் தூங்குறார், துணி மாத்துறார், வீட்டுக்குப் போன் பேசுறார். வரிசையில ரெண்டு நாள் நின்னா அதுதான் வீடு.

வயரிங்_மேசை:
சாவி லைன்ல கொடுத்தா சாவி எடுத்ததும் அணைஞ்சிடும்பாங்க, அது போதாது. வரிசையில ஃபேனுக்காக சாவியைத் திருப்பியே வெச்சிருப்பாங்க. உள்கேமரா வண்டி 15 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போறப்போ மட்டும் பதிவாகட்டும், அந்த செட்டிங் நிறைய மாடல்ல இருக்கு. லென்சுக்கு மூடியும் வேணும். வெளிப்பக்கம் பார்க்குற கேமராவை மட்டும் நேர் பேட்டரியில கொடுங்க. நின்ன வண்டியில சீலைத் தொடுறவனைப் பிடிக்க அது போதும்.

யார்டு_ஓனர்:
15-க்கு மேலன்னா ஒத்துக்கிறேன். மூடிக்கு ஒத்துக்க மாட்டேன், ஓடும்போதே மூடிடுவாங்க.

கன்டெய்னர்_ரூட்:
மைக்கு? நிறைய மாடல் பேச்சையும் சேர்த்துத்தான் பதிவு பண்ணுது.

யார்டு_ஓனர்:
மைக்கை ஆஃப் பண்ணிடலாம், தாள்லயும் எழுதிடலாம்.

கன்டெய்னர்_ரூட்:
திருத்தின தாளை இங்கேயே போடுங்கண்ணே. வீடியோ எத்தனை நாள் வெச்சிருப்பீங்க, யார் யார் பார்ப்பாங்கங்கிறதும் அதுல இருக்கணும். மூடியைப் பத்தி இன்னும் பேசணும்.