புதுப்பிப்பு (ஜூன் 2020): மகனின் ஊதாக் கால்விரல்கள் ஆறிவிட்டன

ஏப்ரல் கடைசியில், ரொறன்ரோவிலிருந்து, மகனுக்குக் கால்விரல்கள் ஊதாவாக வீங்கி அரித்துக் கடிக்கிறது, காய்ச்சல் இல்லை, இது கொரோனாவா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "சுடுதண்ணியில் வைக்க வேண்டாம், பகல் வெளிச்சத்தில் படமெடுத்து டொக்டருக்கு அனுப்புங்கோ" என்று ஒரு அக்கா சொன்னதுதான். வீடியோவில் கதைத்த தோல் டொக்டர், குளிரில் விரல் வீங்குமே, அந்த மாதிரிப் புண் என்றார். ஸ்பெயினில் கொரோனா உறுதியாகி அல்லது சந்தேகிக்கப்பட்டு, தோல் மாற்றமும் வந்த 375 பேரை ஆராய்ந்ததில் 19 சதவீதத்தினருக்கு இப்படியாம், பெரும்பாலும் இளவயதினர். தடித்த கம்பளிச் சொக்ஸ், கடிக்கு ஸ்டீரொய்ட் கிரீம், அவ்வளவுதான் வைத்தியம். மஞ்சள் பூசச் சொன்னவர்கள் கோபிக்க வேண்டாம். பூசினால் நிறம் மாறுவது தெரியாது.

பெருவிரல் ஓரத்தில் ஊதா மண்ணிறமாகி, பிறகு வெங்காயச் சருகு மாதிரித் தோல் உரிந்தது. அப்போதுதான் உண்மையில் பயந்தேன். ஆறும்போது அப்படித்தானாம். நகத்துக்கு ஒன்றுமில்லை.

எதிர்பாராதது: கொரோனாவுக்கான பிசிஆர் சோதனை நெகட்டிவ். இப்படி விரல் வீங்கிய பிள்ளைகளில் பலருக்கும் நெகட்டிவ்தான் வருகிறதாம். வைரஸாலா, வீடடங்கி வெறுங்காலோடு திரிந்ததாலா என்று டொக்டர்களுக்குள்ளேயே வாதம் ஓடுகிறது.

பின்னால் தேடி வருபவர்களுக்கு: விடாத காய்ச்சல், சிவந்த கண், வயிற்றுவலி, கைகால் வீக்கம் சேர்ந்து வந்தால் அது வேறு வருத்தம். படம் அனுப்பிக் காத்திருக்காமல் நேரே எமர்ஜென்சிக்குப் போங்கோ.