மொராக்கோ பாலைவன ஓட்டம்: புள்ளி அசையேல்லை, என்ன செய்யிறது?

கோண்டாவில்: மொராக்கோப் பாலைவனத்திலை பல நாள், கட்டம் கட்டமா நடக்கிற மரதோன் தே சாப்ள் ஓட்டத்திலை, கிட்டத்தட்ட 250 கிலோமீற்றர், எங்கட ஆள் ஒருத்தர் ஓடுறார். ஓடுறவையின்ரை இடத்தைக் காட்டுற இணைய வரைபடத்திலை அவற்றை புள்ளி ரெண்டு மணித்தியாலமா ஒரே இடத்திலை நிக்குது. பயப்பிடோணுமோ?

சுன்னாகம்: உடனை பயப்பிடாதேங்கோ. அவர் கொண்டுபோற கருவி செய்மதிக்கு விட்டுவிட்டுத்தான் இடத்தை அனுப்பும். வானம் மறைஞ்சால் அதுவும் விடுபடும். புள்ளியைத் தொட்டுக் கடைசி நேரத்தைப் பாருங்கோ. அது பழசெண்டால் சிக்னல் பிரச்சினைதான். நேரம் புதிசாய், இடம் மட்டும் மாறேல்லையெண்டால் ஆள் நிக்கிறார். அனேகமாச் சோதனை நிலையத்திலை தண்ணி எடுப்பார், இல்லாட்டிக் கால் கொப்புளத்துக்குக் கட்டுப் போடுவார்.

நேரத்திலையும் கவனம். எங்கட இலங்கை நேரம் அறிய மொராக்கோ நேரத்தோடை நாலரை மணித்தியாலம் கூட்டோணும், ரமழானிலை அஞ்சரை. அங்கை காலமை 7 மணியெண்டால் இஞ்சை 11.30.

மானிப்பாய்: பேராலை தேடாதேங்கோ அண்ணை, எங்கட பேரை ஆங்கிலத்திலை பலமாதிரி எழுதுவினம். நெஞ்சிலை குத்தியிருக்கிற இலக்கத்தாலை தேடுங்கோ. 80 கிலோமீற்றரைத் தாண்டுற நெடுங்கட்டத்திலை கனபேர் இரவிரவா நடப்பினம், வேகம் குறையிறது வழமை. அந்த ஒரு கட்டத்திலை எத்தினையாம் இடமெண்டு பாத்துக் கவலைப்படாதேங்கோ. எல்லாக் கட்டத்தையும் கூட்டின நேரம்தான் கணக்கு.