கர்ப்பச் சர்க்கரை போய்விட்டது, இதயத்தைப் பார்க்க வேண்டுமா?

லயத்து மருமகள் (சுங்கை சிப்புட், மலேசியா):
அக்காமார்களே, மகன் வயிற்றில் இருந்தபோது எனக்குச் சர்க்கரை. தினமும் விரலைக் குத்திச் சர்க்கரை அளவை பிங்க் புத்தகத்தில் (கர்ப்பகாலப் பதிவுப் புத்தகம்) எழுதினேன். பிரசவமாகி ஆறாவது வாரம் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள், நார்மல். மகன் இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறான். போன வாரம் காய்ச்சலுக்குப் போன இடத்தில் டாக்டர் பழைய கதையைக் கேட்டுவிட்டு, கொழுப்பும் பிரஷரும் பார்க்கச் சொன்னார். மாமியாரோ, "அதுதான் போய்விட்டதே" என்கிறார். எனக்கு 34 வயது, செம்பனை நாற்றுமேடையில் வேலை, நெஞ்சுவலி எதுவும் இல்லை. அவசியம் பார்க்க வேண்டுமா?

கோமதி:
பாரும்மா. எனக்கு இரண்டாவது பிள்ளைக்கும் வந்தது, இப்போது சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறேன்.

மிஸ்ஸி அக்கா:
தங்கச்சி, தோட்டத்துக் கிளினிக்கில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, இருந்தவள் நான். அந்த டாக்டர் கேட்டது சரியான கேள்வி.

நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்ய விடாது. எல்லாக் கர்ப்பிணிக்கும் அப்படித்தான். கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிட்டால் சர்க்கரை ஏறாது. உனக்கு ஏறியது என்றால், அப்படி ஈடுகட்ட முடியாத பலவீனம் உடம்பில் முன்பே இருந்திருக்கும். பிள்ளை பிறந்ததும் ஹார்மோன் போகும், பலவீனம் போகாது.

50 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2019-இல் வந்தது. கர்ப்பச் சர்க்கரை இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. பிற்பாடு நீரிழிவே வராதவர்களுக்கும் சுமார் ஒன்றரை மடங்கு! ஆகவே உன் 'நார்மல்' ரிசல்ட் நல்ல செய்திதான், ஆனால் இதயத்துக்கு அது மட்டும் போதாது. பயந்துவிடாதே, உன் வயதில் அந்த வாய்ப்பே மிகச் சிறியது. சிறியதாக இருக்கும்போதே பிடித்துக்கொள் என்கிறேன்.

கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்கக் கிளினிக்கில், கட்டணம் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). பசியாறாமல் போய், சர்க்கரை, கொழுப்பு, பிரஷர் மூன்றும் பார். வருஷா வருஷம் பார். இடுப்பு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் சோற்றையும் இனிப்புத் தே தாரிக்கையும் (பால் டீ) குறை. பிங்க் புத்தகத்தைத் தூக்கிப் போடாதே, எந்த டாக்டரிடம் போனாலும் நீயே முந்திக்கொண்டு சொல். எல்லோரும் கேட்க மாட்டார்கள்.

இன்னொன்று. பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் வரும் என்றில்லை. மூச்சிரைப்பு, குமட்டல், தாடையிலும் முதுகிலும் வலி, காரணமில்லாத அசதி என்றும் வரும். நம் பெண்கள் வாயு என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடுகிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்து மனசு நொந்திருக்கிறேன். திடீரென்று அப்படி வந்தால் படுக்காதே, ஆம்புலன்ஸுக்கு 999-க்கு அடி.

லயத்து மருமகள்:
நன்றி அக்கா. நாத்தனாருக்கும் கர்ப்பத்தில் இருந்தது, அவளையும் கூட்டிப் போகிறேன். முதல் நாள் இரவு என்ன சாப்பிடலாம்?

மிஸ்ஸி அக்கா:
வழக்கமான சாப்பாடுதான். பத்து மணிக்கு மேல் தண்ணீர் மட்டும், கோப்பி கூடாது. காலையில் சீக்கிரம் போய் நம்பர் எடுங்கள்.