ஏசிக்கு மறுபடியும் கேஸ் போடச் சொல்கிறார்கள், போடலாமா? (மாத்தளை)

மாத்தளை டீச்சர்
எல்லோருக்கும் வணக்கம். வீடு மாத்தளை டவுனை ஒட்டி இருக்கிறது. மேல்மாடி அறைக்கு மேலே சீட் கூரை, பகல் முழுக்கக் கொதிக்கும். அப்பாவுக்கு இளைப்பு இருப்பதால் அந்த அறைக்கு 12,000 பி.டி.யூ இன்வேட்டர் ஏசி ஒன்று போட்டோம். வாங்கி மூன்று வருடம் ஆகிறது. வெளி யூனிட்டில் ஆர்32 கேஸ் என்று ஒட்டியிருக்கிறது.

போன தீபாவளி நேரம் குளிர் குறைந்தது. வந்து பார்த்த பாஸ் (மெக்கானிக்), "கேஸ் முடிஞ்சிருச்சி" என்று சொல்லி நிரப்பிவிட்டு 16,000 ரூபா வாங்கினார். இப்போது சித்திரை வெயிலில் மறுபடியும் காற்று மட்டும்தான் வருகிறது. இந்த முறை கண்டியில் இருந்து வேறொருவரைக் கூப்பிட்டோம். வந்து போக 3,500. அவர் சொல்வது: கொம்பிரசர் வீக், உள்ளே இருக்கும் எலக்ட்ரோனிக் போர்டும் போயிருக்கலாம், போர்டுக்கு மட்டும் 58,000 ஆகும், முதலில் கேஸ் போட்டுப் பார்ப்போம்.

இதில் எதற்குக் காசு கொடுப்பது, எதற்குக் கொடுக்கக் கூடாது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கம்பளைக்காரன்
டீச்சர், முதலில் உள் யூனிட்டின் மூடியைத் திறந்து பில்டரைக் கழுவிப் பாருங்கள். தூசி அடைத்தாலும் குளிர் வராது. அதற்குச் செலவே இல்லை.

கண்டி ஏசி பாஸ்
டீச்சர், நான் இதே தொழிலில்தான் இருக்கிறேன். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஏசிக்குள் இருக்கும் கேஸ் செலவாகித் தீர்ந்துபோகும் சாமான் இல்லை. மூடிய செப்புக் குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகியிருக்கிறது. ஒழுக்கைத் தேடாமல் நிரப்பினால், நீங்கள் கொடுத்த 16,000 மெல்ல மெல்லக் காற்றில் போய்விடும். உங்கள் வீட்டில் நடந்திருப்பதும் இதுவாக இருக்கலாம்.

காசு கொடுக்கும் முன் நீங்களே பார்க்கக்கூடியவை சில உண்டு. கம்பளைக்காரன் சொன்னபடி பில்டரைக் கழுவிவிட்டு, ரிமோட்டில் 16 பாகையில் வைத்துக் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். ஏசி உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே விடும் காற்றுக்கும் 8 முதல் 12 பாகை வித்தியாசம் இருக்க வேண்டும், சமையல் தேர்மாமீட்டர் போதும். அப்புறம் வெளி யூனிட்டுக்கு வரும் இரண்டு குழாயில் மெல்லியதைப் பாருங்கள். அதில் பனி பிடித்திருந்தால் பெரும்பாலும் கேஸ் குறைவு. கடைசியாக, குழாயை நட் போட்டு இறுக்கியிருக்கும் இடங்களில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். கேஸோடு கொம்பிரசர் எண்ணெயும் சேர்ந்து சுற்றுவதால், ஒழுகும் இடத்தில் அந்த எண்ணெய் கசிந்து தூசி ஒட்டியிருக்கும்.

பார்த்து முடிந்ததும் ஏசியை நிறுத்திவிடுங்கள். திரும்பி வரும் குளிர்ந்த கேஸ்தான் கொம்பிரசரைச் சூடேறாமல் வைத்திருக்கிறது. கேஸ் குறைந்த நிலையில் ஓட்டிக்கொண்டே இருந்தால், இன்று நல்லாயிருக்கும் கொம்பிரசர் நாளை உண்மையாகவே போய்விடும்.

மாத்தளை டீச்சர்
மிக்க நன்றி அண்ணே. பில்டரைக் கழுவியும் வித்தியாசம் 3 பாகைதான். மெல்லிய குழாயில் நட்டுக்குப் பக்கத்தில் வெள்ளையாகப் பனி. தடித்த குழாயின் நட்டில் கறுப்பாக எண்ணெய் அழுக்கு ஒட்டியிருக்கிறது, துடைத்தால் கையில் வருகிறது. அறையில் இப்போதைக்கு பேன்தான் ஓடுகிறது.

கண்டி ஏசி பாஸ்
அப்படியானால் அந்த நட்டில்தான் எனக்குச் சந்தேகம். சோப்பு நுரை பூசினால் குமிழி வரும். பொருத்தும்போது குழாயின் வாயைச் சரியாக விரிக்காமல் விட்டாலோ, அளவுக்கு மிஞ்சி இறுக்கினாலோ இப்படி ஆகும். வாயை வெட்டிவிட்டுப் புதிதாக விரித்து இறுக்குவது பெரிய வேலை இல்லை. ஒழுக்கு உள் யூனிட்டின் கொயிலில், அதாவது குழாய்ச் சுருளில் என்றால்தான் செலவு ஏறும்.

வருகிறவரிடம் இந்த வேலைகளைக் கேட்டு வாங்குங்கள். நட்டைச் சரி செய்தபின் நைதரசன் ஏற்றி அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வெக்யூம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் எடுக்க வேண்டும். நம்முடைய மழைக் காற்றில் இந்த வேலையை விட்டால் ஈரம் உள்ளே தங்கி எண்ணெயைக் கெடுக்கும். அதற்குப் பிறகுதான் கேஸ்.

கேஸைத் தராசில் நிறுத்துப் போடச் சொல்லுங்கள். உங்கள் யூனிட்டுக்கு எத்தனை கிராம் என்று ஸ்டிக்கரிலேயே இருக்கும். போடும் முன் சிலிண்டர் எவ்வளவு, போட்ட பின் எவ்வளவு என்று பக்கத்தில் நின்று பாருங்கள், அந்தக் கிராமுக்குக் காசு கொடுங்கள். இன்வேட்டரில் கொம்பிரசரின் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் அழுத்தம் காட்டும் கேஜ் முள்ளை மட்டும் பார்த்து "போதும்" என்று சொல்வது சரிவராது.

ஆர்32 தீப்பிடிக்கக் கூடிய கேஸ். குழாய் ஒட்டும் வேலை வந்தால் கேஸை முழுதாக எடுத்த பிறகே நெருப்புப் பிடிக்க வேண்டும். பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது.

பதுளைத் தம்பி
போர்ட் பற்றிச் சொல்கிறேன் டீச்சர். எங்கள் பக்கம் சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேரம் இடி மின்னல் அடிக்காத நாள் குறைவு. எங்கள் ஏசி போர்ட் அப்படி ஒரு பின்னேரம்தான் போனது. ஆனால் போர்ட் போனால் பெரும்பாலும் யூனிட் ஸ்டார்ட் ஆகாது, அல்லது லைட் மினுக்கி எரர் கோட் காட்டும். உங்களுடையதில் கோட் ஏதும் வருகிறதா? வராமல், வெளி பேனும் கொம்பிரசரும் ஓடுகிறது என்றால் 58,000க்கு அவசரப்படாதீர்கள். உண்மையாகவே போயிருந்தாலும் பழைய போர்டைக் கழற்றி எலக்ட்ரோனிக் ரிப்பேர் செய்கிறவரிடம் காட்டுங்கள். எனக்குப் புது போர்டின் விலையில் கால்வாசிகூட ஆகவில்லை. இப்போது மேகம் கறுத்ததும் ரிமோட்டில் நிறுத்துவதோடு விடாமல் பிரேக்கரையும் இறக்கிவிடுகிறோம்.

மாத்தளை டீச்சர்
கோட் எதுவும் இல்லை தம்பி. வெளியே பேனும் சத்தமும் நல்லாத்தான் இருக்கிறது.

கட்டுகஸ்தோட்டை வாசகி
இரண்டு விஷயம் அக்கா. வாரன்டி கார்டை எடுத்துப் பாருங்கள். பல ஏசிகளுக்கு மற்றச் சாமான்களை விடக் கொம்பிரசருக்கு நீண்ட வருட வாரன்டி தருகிறார்கள். கொம்பிரசர் வீக் என்று ஒருவர் சொன்னால், கொம்பனி ஆள் வந்து அளந்து எழுதித் தரும் வரை ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். வெளி ஆள் கழற்றினால் வாரன்டி போகுமா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

அடுத்தது, பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். போக்குவரத்து, கூலி, கேஸ் எத்தனை கிராம், சாமான் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். தீபாவளிக்கு வந்தவரிடம் பில் இருந்தால் அவரையே திரும்பக் கூப்பிட்டுக் கேட்கலாம். ஏமாற்றியதாகத் தெரிந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லலாம். அதற்கும் கையில் பில் இருந்தால்தான் பேச்சு நிற்கும். நம்முடைய ஊர்களில் பாஸ்மார் குறைவு, தூரத்தில் இருந்து வருகிறார்கள், அதனால் கேட்கவே தயங்குகிறோம். கேட்பதில் தப்பே இல்லை அக்கா.

நாவலப்பிட்டி
இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்களிடம் இருப்பது ஆர்22 என்ற பழைய வகைக் கேஸில் ஓடும் மெஷின், கொயிலில் ஓட்டை என்கிறார்கள். ஆர்32 அடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

கண்டி ஏசி பாஸ்
வேண்டவே வேண்டாம். ஆர்32 ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் ஓடும், தீயும் பிடிக்கும். பழைய மெஷின் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஓசோன் படலத்தைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கைப்படி நம்மைப் போன்ற நாடுகளில் 2030க்குள் ஆர்22 ஏறக்குறைய முழுதாக நிற்க வேண்டும், இனிக் கேஸ் கிடைப்பதும் கஷ்டமாகும். கொயில் போன ஆர்22 மெஷினுக்கு நான் கூலி வாங்குவதில்லை, புதிது வாங்கச் சொல்லிவிடுவேன். கெப்பாசிட்டர் போன்ற சின்னச் சாமான் என்றால் மட்டும் மாற்றி, ஓடும் வரை ஓட்டலாம்.

மாத்தளை டீச்சர்
வேலை முடிந்தது. மாத்தளையிலேயே ஒருவர் நைதரசன், பம்ப், தராசு எல்லாம் கொண்டு வந்தார். சோப்பு நுரையில் அதே நட்டில் குமிழி வந்தது. வாயை வெட்டி, புதிதாக விரித்து இறுக்கினார். ஸ்டிக்கரில் உள்ளபடி 650 கிராம் நிறுத்துப் போட்டார். எல்லாமாக 19,500, தனித்தனியாக எழுதிய பில்லும் தந்தார். போர்டையும் கொம்பிரசரையும் யாரும் தொடவில்லை. காற்றில் இப்போது 11 பாகை வித்தியாசம், அப்பா நன்றாகத் தூங்குகிறார். எல்லோருக்கும் நன்றி.

ஒரு கேள்வி அண்ணே: இனி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சேர்விஸ் செய்வது?

கண்டி ஏசி பாஸ்
சந்தோசம் டீச்சர். பில்டரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை நீங்களே கழுவுங்கள். கொயிலும் தண்ணீர் போகும் குழாயும் வருடத்துக்கு ஒருமுறை போதும், தினமும் ஓடினால் இரண்டு முறை. சேர்விஸுக்கு வருகிறவர் "கொஞ்சம் கேஸ் போட்டு விடவா" என்று கேட்டால், முதலில் அந்த நட்டில் நுரை பூசிக் காட்டச் சொல்லுங்கள்.