4 டிபி டிஸ்க் நான்கு, எஸ்எஸ்டி இரண்டு: விண்டோஸ், டேட்டா எல்லாம் ஒரே ரெய்டு 5-இல் போடலாமா?

திருப்பூர்_ஈடிபி:
எக்ஸ்போர்ட் ஆபீஸுக்குப் புது டவர் சர்வர், விண்டோஸ் சர்வர் 2022. 15 பேர் டேலியில் வேலை செய்வார்கள். டிசைன் பைல், ஸ்கேன் செய்த பில் எல்லாம் ஷேர் போல்டரில், இப்போதைக்கு 3 டிபி. உள்ளே 4 டிபி ஹார்டு டிஸ்க் நான்கு, 480 ஜிபி எஸ்எஸ்டி இரண்டு. ரெய்டு கார்டில் (பல டிஸ்க்கை ஒன்றாக இணைத்து நடத்தும் கார்டு) கேஷ் மெமரி (எழுதுவதைத் தற்காலிகமாக வாங்கி வைக்கும் நினைவகம்) கிடையாது. டீலர் நான்கு டிஸ்க்கையும் ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா பிழைக்கும் முறை) ஆக்கி விண்டோஸையும் அதிலேயே ஏற்றிவிட்டார்; எஸ்எஸ்டி சும்மா இருக்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்டில் 2048 ஜிபிக்கு மேல் பார்ட்டிஷன் போட முடியவில்லை. மீதி 9,000 ஜிபிக்கு மேல் 'அன்அலகேட்டட்', ரைட் கிளிக் செய்தாலும் எதையும் தேர்ந்தெடுக்க விடவில்லை. டிஸ்க்கில் கோளாறா? டேட்டா இன்னும் ஏற்றவில்லை.

பேரிட்டி:
டிஸ்க்கில் கோளாறு இல்லை. விண்டோஸை லெகசி பயாஸ் என்ற பழைய பூட் முறையில் ஏற்றியிருக்கிறார்கள், அதனால் பூட் டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணை எம்பிஆர் என்ற பழைய வகை ஆகிவிட்டது. எம்பிஆர் செக்டார் (டிஸ்க்கின் மிகச் சின்னத் துண்டு) எண்ணை 32 பிட்டில்தான் வைக்கும். 512 பைட் செக்டார் என்றால் கணக்கு 2048 ஜிபியோடு முடிந்தது. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஜிபிடி என்ற புது அட்டவணை, ஜிபிடியிலிருந்து விண்டோஸ் பூட் ஆக யூஇஎஃப்ஐ என்ற புது பூட் முறை.

டேட்டா ஏற்றாதது நல்லதாகப் போயிற்று. கலைத்துவிட்டு முதலிலிருந்து போடுங்கள். சர்வர் செட்டப்பில் பூட் மோடை யூஇஎஃப்ஐக்கு மாற்றிவிட்டு அப்புறம் ரெய்டில் கை வையுங்கள். பூட் பென் டிரைவை ரூபஸ் என்ற மென்பொருளில் செய்கிறீர்கள் என்றால் ஜிபிடி, யூஇஎஃப்ஐ இரண்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும். நிறுவும்போது டிஸ்க்கே கண்ணில் படாவிட்டால் பதற வேண்டாம்: ரெய்டு கார்டின் டிரைவரை இன்னொரு பென் டிரைவில் வைத்து 'லோட் டிரைவர்' கொடுங்கள். முடிந்ததும் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் 'பயாஸ் மோடு' என்ற வரி யூஇஎஃப்ஐ என்று காட்டுகிறதா என்று பாருங்கள். லெகசி என்றால் அங்கேயே நிறுத்தி மறுபடி ஏற்றுங்கள்.

ரேக்மவுண்ட்:
எம்பிஆர் சரியானாலும் இந்த அமைப்பு டேலிக்கு ஆகாது. டேலி சின்னச் சின்னதாக, இடம் மாறி மாறி எழுதும். ரெய்டு 5-இல் ஒரு சின்ன எழுத்துக்கு நான்கு வேலை: பழைய டேட்டாவைப் படி, பழைய பேரிட்டியை (போன டிஸ்க்கின் டேட்டாவைக் கணக்கிட்டு மீட்க உதவும் குறியீடு) படி, இரண்டையும் புதிதாக எழுது. 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒன்று நொடிக்குச் சுமார் 75 தரம்தான் இடம் மாற முடியும். நான்கு டிஸ்க்குக்கு 300. ரெய்டு 5-இல் அது 75 எழுத்தாகச் சுருங்கும், ரெய்டு 10-இல் (ஜோடி ஜோடியாகப் பிரதி வைக்கும் முறை, ஓர் எழுத்துக்கு இரண்டு வேலை) 150. பேட்டரியோடு கேஷ் உள்ள கார்டு இந்தக் குறையை ஓரளவு மறைக்கும், உங்கள் கார்டில் அது இல்லை.

ஆகவே எஸ்எஸ்டி இரண்டையும் ரெய்டு 1 (ஒன்று மற்றதன் பிரதி) ஆக்குங்கள். விண்டோஸில் 447 ஜிபி என்று காட்டும். சி டிரைவுக்கு 120 ஜிபி, மீதியில் டேலி டேட்டா. ஹார்டு டிஸ்க் நான்கும் ரெய்டு 10: கையில் வருவது 8 டிபி, விண்டோஸ் கணக்கில் 7.27. உங்கள் 3 டிபிக்குத் தாராளம்.

இன்னொன்று, ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க் போனால் ரீபில்டுக்கு (புது டிஸ்க்கில் டேட்டாவை மீண்டும் உருவாக்க) மீதி மூன்றையும் முழுசாக, 12 டிபி, படித்தாக வேண்டும். சாதா டிஸ்க்குகளின் விவரத்தாளில் 10^14 பிட்டுக்கு ஒரு படிப்புப் பிழை வரை வரலாம் என்று போட்டிருக்கும்; 12 டிபி என்பது கிட்டத்தட்ட அதே அளவு. எப்போதும் வந்தே தீரும் என்றில்லை, ஆனால் அந்த நேரத்தில் காப்பாற்ற வேறு பிரதி இருக்காது. ரெய்டு 10-இல் ஜோடி டிஸ்க் ஒன்றை மட்டும், 4 டிபி, படித்தால் போதும். நொடிக்கு 150 எம்பி வேகத்தில் ஏழரை மணி நேரம். ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தால் அதற்கும் மேல்.

திருப்பூர்_ஈடிபி:
நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். பூட் மோடை மாற்றிவிட்டேன். டிஸ்க்கின் ஸ்டிக்கரில் எஸ்டி4000டிஎம்004 என்று இருக்கிறது, நான்கும் அதே. பரவாயில்லையா?

காந்தத்தட்டு:
பரவாயில்லை இல்லை, திருப்பிக் கொடுங்கள். அது டெஸ்க்டாப்புக்கான பாரகுடா, எஸ்எம்ஆர் வகை. எஸ்எம்ஆரில் டிராக்குகள் ஓட்டு வேய்ந்தது போல ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒன்றை மாற்ற அடுத்தடுத்ததையும் எழுத வேண்டும். கொஞ்ச இடத்தைத் தற்காலிகமாக வைத்துச் சமாளிக்கும். ரீபில்டு நடக்கும்போது ஆட்களும் எழுதினால் அந்த இடம் நிரம்பி, டிஸ்க் பதில் சொல்லாமல் நின்றுவிடும். கார்டு அதைச் செத்த டிஸ்க் என்று வெளியே தள்ளும்.

படிப்புப் பிழையிலும் இதே சங்கடம். ரெய்டுக்கான டிஸ்க் 7 நொடி போல முயன்று 'முடியவில்லை' என்று கார்டிடம் சொல்லிவிடும், கார்டு ஜோடியிலிருந்து எடுத்துக்கொள்ளும். டெஸ்க்டாப் டிஸ்க் தானே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்.

சீகேட் அயர்ன்வுல்ஃப், டபிள்யூடி ரெட் பிளஸ் இரண்டும் சிஎம்ஆர், அதாவது டிராக்குகள் ஒன்றின்மேல் ஒன்று படியாத வகை. வெறும் 'ரெட்' என்று எழுதியதை வாங்காதீர்கள்; அதில் டபிள்யூடி40ஈஎஃப்ஏஎக்ஸ் எஸ்எம்ஆர். நான்குக்குப் பதில் ஐந்து கேளுங்கள், ஒன்று பீரோவில் இருக்கட்டும். பிறகு வாங்குவது பழையதைவிடத் துளி சின்னதாக இருந்தாலும் கார்டு ஏற்காமல் போகலாம்.

பேரிட்டி:
புது டிஸ்க் வந்ததும் ஒவ்வொன்றுக்கும் ஸ்மார்ட் (டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் வசதி) நீண்ட சோதனை ஓட்டுங்கள். ஓர் இரவு பிடிக்கும். அதன் அறிக்கையில் எண் 5, 197, 198 (கெட்ட செக்டார்களின் கணக்கு) மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 199 (டேட்டா போகும் வழியில் வரும் பிழை) ஏறினால் முதலில் கேபிளையும் ஸ்லாட்டையும் பாருங்கள். டிஸ்க்கின் சீரியல் எண்ணில் கடைசி நான்கை டிஸ்க் செருகும் தட்டின் முகப்பில் ஒட்டி வையுங்கள். கெட்டதை விட்டு நல்லதை உருவுவதுதான் ரெய்டு 10-இல் டேட்டா போக நேர்வழி: ஒரே ஜோடியின் இரண்டும் இல்லையென்றால் முடிந்தது.

டேட்டா ஏற்றுமுன் ஒத்திகை ஒன்று கட்டாயம். சர்வர் கம்பெனியின் மேனேஜ்மென்ட் மென்பொருளை நிறுவி மெயில் அலர்ட் அமையுங்கள். 100 ஜிபி போல எதையாவது காப்பி செய்துவிட்டு, ஓடும்போதே ஒரு டிஸ்க்கை உருவுங்கள். ஹாட் ஸ்வாப் தட்டு இருந்தால் மட்டும். இல்லாவிட்டால் ஷட் டவுன் செய்து கழற்றுங்கள். மெயில் வருகிறதா? வராவிட்டால் அது சரியாகும்வரை சர்வரை யாருக்கும் திறக்காதீர்கள். அதே டிஸ்க்கைத் திரும்பச் செருகினால் பல கார்டுகள் 'ஃபாரின்' (வேறு அமைப்பிலிருந்து வந்தது) என்று காட்டும். அதில் இருப்பது பழைய டேட்டா, அதனால் 'இம்போர்ட்' வேண்டாம். அந்த ஒரு டிஸ்க் மட்டும்தான் ஃபாரின் என்று உறுதி செய்துகொண்டு 'கிளியர்' கொடுத்து, ஹாட் ஸ்பேராக (தயாராக நிற்கும் மாற்று டிஸ்க்) குறித்தால் ரீபில்டு தொடங்கும். கன்சிஸ்டன்சி செக்கை (ஜோடிப் பிரதிகள் பொருந்துகின்றனவா என்ற சோதனை) மாதம் ஒரு ஞாயிறு ஓடுமாறு வைத்துவிடுங்கள்.

ரேக்மவுண்ட்:
யூபிஎஸ்ஸிலிருந்து யூஎஸ்பி கேபிளையும் சர்வரில் செருகுங்கள், பேட்டரி தீருமுன் சர்வர் தானே ஷட் டவுன் ஆகட்டும். பேக்கப்புக்கு வெளி ஹார்டு டிஸ்க் இரண்டு, வாரம் மாற்றி மாற்றி. மாட்டாதது ஆபீஸுக்கு வெளியே. ரான்சம்வேர் (பைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தால் ரெய்டு 10 அதையும் இரண்டு பிரதியாகத்தான் எழுதும். டேலி கம்பெனி ஒன்றை மாதம் ஒருமுறை அந்த டிஸ்க்கிலிருந்து வேறு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, கடைசி வவுச்சர் எண் பொருந்துகிறதா என்று பாருங்கள்.